நன்னடத்தைப் பதக்கமும் பெரட்டுக் களமும்

படைத்துறை விருதுகளைப் பற்றி நம்மவர் பேசும்பொழுதும் எழுதும்பொழுதும் வீரப் பதக்கங்களையே பெரிதும் கருத்திற் கொள்வது வழக்கம். போர்க்களத்தில் உயிரைத் துரும்பாக மதித்து நின்றவனுக்கு அளிக்கப்படும் பதக்கம் ஒரு சாராராற் போற்றப்படுகின்றது. அப்போரே அநீதியானது எனக் கருதும் மறுசாராரால் இகழப்படுகின்றது. இந்த ஆரவாரத்துக்கு அப்பால், எவரது விமர்சனத்துக்கும் ஆளாகாமல், இன்னொரு பதக்கம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக உலகப் படைகள் பலவற்றிலும் வழங்கப்பட்டு வருகின்றது. அதுவே நன்னடத்தைப் பதக்கம். குறித்த சில ஆண்டுகள் தன் பெயருக்கெதிரே குற்றமெதுவும் பதியப்படாமற் பணிபுரிந்த சாதாரண சிப்பாய்க்கு அது சூட்டப்படுகின்றது. கொல்லும் திறனைப் பாராட்டாமல் ஒழுக்கத்தைப் பாராட்டும் பதக்கம் என்பதனால், போரை வெறுப்போருங்கூட அதனைக் குறைகூறத் தயங்குவர்.

அத்தயக்கம் தேவையற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம். நன்னடத்தை என்னும் பெயரால் அப்பதக்கம் அளந்து பாராட்டுவது ஒழுக்கத்தையன்று, கீழ்ப்படிவையே. அந்த அளவுகோல் படைமுகாமோடு நின்றுவிடவில்லை. அதனைச் செய்த கைகளே அதனைத் தேயிலைத் தோட்டத்துக்குங் கொண்டுவந்தன. நம் முன்னோர் நான்கைந்து தலைமுறையாக அதனாலேயே அளக்கப்பட்டு வந்துள்ளனர். ஆகவே இதனைப் படைத்துறையினரின் உள்வீட்டு விடயம் என ஒதுக்கிவிட நமக்கு உரிமையில்லை.

இவ்வினாவை ஊவா மாகாணத்தில் நின்று எழுப்புவதற்குத் தனியொரு பொருத்தம் உண்டு. பதுளை மாவட்டத்திலேயே தியத்தலாவை இருக்கின்றது. 1900ஆம் ஆண்டிற் போயர் போர்க் கைதிகளை அடைத்துவைக்கப் பிரித்தானியர் அங்கு முகாமமைத்தனர். 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி நிறுவப்பட்ட இலங்கை இராணுவமும் தன் பயிற்சிக்குரிய இடமாக அதனையே தெரிந்தது. இன்றும் இராணுவக் கல்விக்கழகம் அங்குதான் இயங்குகின்றது. அதனைச் சூழ்ந்து ஹப்புத்தளை, பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎல, பசறை எனத் தோட்டங்கள் விரிகின்றன. ஒரு பக்கம் அணிவகுப்பு மைதானம். மறுபக்கம் பெரட்டுக் களம். இரண்டையும் ஒருசேர நோக்கும் வாய்ப்பு இம்மாவட்டத்தில் வாழ்வோர்க்கு வாய்த்திருக்கின்றது.

பிரம்பின் இடத்தில் வந்த பதக்கம்

நன்னடத்தைப் பதக்கத்தின் பிறப்பை முதலில் நோக்குவோம். பிரித்தானிய அரசன் நான்காம் வில்லியம் 1830ஆம் ஆண்டில் நீண்டகாலச் சேவைக்கும் நன்னடத்தைக்குமான பதக்கத்தைத் தன் தரைப்படையில் ஏற்படுத்தினான். காலாட்படையில் 21 ஆண்டும் குதிரைப்படையில் 24 ஆண்டும் பழுதின்றிப் பணிபுரிந்தவனுக்கு அது உரியதாயிற்று. 1836இல் இன்னுமொரு முறை வந்தது. குற்றப்பதிவின்றி ஆண்டுகளைக் கழித்த சிப்பாயின் சட்டைக் கையில் ஒரு பட்டை தைக்கப்படும். அப்பட்டைக்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி மேலதிகக் கூலி. குற்றஞ் செய்தால் பட்டையும் போகும், பென்னியும் போகும்.

இஃது எக்காலத்தில் நிகழ்ந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. அக்காலப் பிரித்தானியச் சிப்பாய் கசையடிக்கு ஆளானவன். தூணிற் கட்டி நூற்றுக்கணக்கில் அடிப்பதே ஒழுங்கை நிலைநாட்டும் வழியென மேலோர் கொண்டிருந்தனர். பிரித்தானியாவிற் சீர்திருத்தக் குரல்கள் எழுந்து, அடியைக் குறைக்க வேண்டிய நெருக்கடி தோன்றியபோது, அச்சத்துக்கு ஈடாக ஆசையை வைக்கவேண்டியதாயிற்று. பிரம்பு செய்த வேலையையே பதக்கத்துக்குங் கொடுத்தார்கள். கசையடி முற்றாக ஒழிந்தது 1881இலேயே. ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் பிரம்பும் பதக்கமும் ஒரே முகாமில் அருகருகே இருந்தன என்பதிலிருந்தே அவற்றின் உறவை நாம் உணரலாம்.

இரண்டாவதாக, இப்பதக்கம் எவருக்கு வழங்கப்படவில்லை என்பதையும் நோக்கவேண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதிகாரிகள் இதற்கு உரியவராகவில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கடற்படை 1869இலும் தரைப்படை 1941இலும் நன்னடத்தைப் பதக்கங்களை ஏற்படுத்தின. அவையும் கீழ்நிலைப் படையினர்க்கே உரியன. அமெரிக்கத் தரைப்படையின் பதக்கத்தில் திறமை, மானம், விசுவாசம் என்னும் மூன்று சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மானமும் விசுவாசமும் அதிகாரிக்கு வேண்டாதவையா? அப்படியன்று. அதிகாரியிடம் அவை பிறப்பிலேயே உண்டென அவ்வமைப்பு எடுத்துக்கொள்கின்றது. சிப்பாயிடம் அவை இல்லையென எடுத்துக்கொண்டு, இருக்கக் கண்டபோது வியந்து பரிசளிக்கின்றது. உயர்குடியிற் பிறந்தவன் கனவான் என்பது முன்கூட்டியே தீர்ப்பாகிவிட்டது. ஏழையின் மகன் மட்டும் ஆண்டுக்கணக்கில் அதனை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். பதக்கத்தின் பளபளப்புக்குள் இருக்கும் வர்க்கப் பார்வை இதுவே.

இலங்கையின் இன்றைய விருதுமுறை இதிலிருந்து முற்றாக மாறுபட்டதெனச் சிலர் வாதிடலாம். களங்கமற்ற நடத்தையோடு நீண்டகாலம் பணியாற்றியோர்க்கான உத்தம சேவா பதக்கம் எல்லா நிலையினர்க்கும் உரியது என்பது உண்மையே. ஆயினும் அதற்கு மேலே விசிஷ்ட சேவா விபூஷணம் என்றொன்று இருக்கின்றது. அஃது அதிகாரிகளுக்கு மட்டும். ஒருவருக்குப் பதக்கம், மற்றவருக்கு ஆபரணம் என்ற சொல்வேறுபாடே ஏணியின் படிகளைக் காட்டிவிடுகின்றது. நிறம் மாறிற்று, எலும்புக்கூடு மாறவில்லை.

மூன்றாவது செய்தி முதலிரண்டிலும் முக்கியமானது. இப்பதக்கம் ஒரு செயலுக்காக வழங்கப்படுவதன்று, ஒரு செயலின்மைக்காக வழங்கப்படுவது. நடத்தைப் பதிவேட்டிற் கறையில்லை என்பதே தகுதி. பதிவேட்டில் எழுதுபவன் மேலதிகாரி. ஊர்மக்களை அவமதித்தவன் மேலதிகாரியை அவமதிக்காதவரை அவன் ஏடு வெறுமையாகவே இருக்கும். அநியாயமான கட்டளைக்குப் பணிய மறுத்தவனின் ஏட்டிலோ அன்றே மை விழும். இத்தகைய ஏட்டின் வெறுமையை ஒழுக்கம் என்று அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் அநீதியாகும்.

நம் மரபு இவ்விடயத்தில் வேறு பார்வை கொண்டிருந்தது. பழந்தமிழ் அரசரும் தம் படைத்தலைவருக்கு ஏனாதி என்ற பட்டம் அளித்தனர் என்பது உண்மை. மேலோர்க்கு மேலோர் அளித்த சிறப்பு அது. ஆனால் ஊராரின் ஆநிரையை மீட்கப் போரிட்டு வீழ்ந்த எளிய மறவனுக்கு ஊரவர் கல் நட்டனர். நடுகல்லுக்குரிய கல்லைக் காண்பது முதல் வாழ்த்துவது வரையுள்ள படிநிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கின்றது. அக்கல் ஒரு செயலைக் கூறியது. யாருக்காக அச்செயல் நிகழ்ந்ததோ அவர்களே அதனை நட்டனர். அவன் தலைவனுக்கு எத்தனையாண்டு பணிந்திருந்தான் என்பதைக் கல் கேட்கவில்லை. வள்ளுவரும் ஒழுக்கமுடைமையை அறத்துப்பாலில், மாந்தர் அனைவர்க்கும் பொதுவான இடத்தில் வைத்தார். படைமாட்சியைப் பொருட்பாலில் வேறாகப் பேசினார். அவ்விரண்டையுங் குழப்பி, பணிவையே ஒழுக்கமென மயங்கவைத்தது பிற்காலப் பேரரசுகளின் வேலை.

தோட்டம் என்னும் படைமுகாம்

இனித் தோட்டத்துக்கு வருவோம். அதிகாலையில் தப்படித்து எழுப்பி, இருள் கலையுமுன் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர்பதிந்து வேலைக்கனுப்பும் இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். படைத்துறையின் ‘பரேட்’ என்ற சொல்லே மலையகத் தமிழிற் பெரட்டு ஆயிற்று. துரை, சின்னத்துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்ற படிவரிசையும், லயம் என்ற வரிசை வீடும், செக்ரோல் என்ற பதிவேடும் படைமுகாமின் ஒழுங்கையே நினைவூட்டுகின்றன. இஃது உவமையழகுக்காகச் சொல்வதன்று. இலங்கையில் ஆரம்பகாலப் பெருந்தோட்டக்காரருட் படை அதிகாரிகளாயிருந்தோர் பலர். படைநடத்திப் பழகியவர்கள் தமக்குத் தெரிந்த முறையிலேயே கூலிகளையும் நடத்தினர்.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறிவித்தலின்றி வேலையை விட்டுச்செல்லுதல், கட்டளையை மீறுதல், மரியாதையின்மை, குடிபோதை ஆகியன தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பவல்ல குற்றங்களாயின. எதிர்த்துப் பேசியமைக்காகச் சிப்பாய் ஒருவன் தண்டனை பெறுவான் என்றால், அவன் படையிற் சேர்ந்தவன் என்றாவது கூறலாம். இறாத்தல் கணக்கிற் கொழுந்தெடுக்க வந்தவன் எதிர்த்துப் பேசியமைக்காக ஏன் சிறை செல்லவேண்டும்? 1920களின் தொடக்கம் வரை இந்நிலை நீடித்தது.

சிறைக்கு அப்பால் இருந்தது துண்டு. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல விரும்பிய தொழிலாளி, தன் கடன் தொகை குறித்த துண்டையும் பற்றுச் சீட்டையும் பெற்றாக வேண்டும். புதிய துரை அக்கடனைத் தீர்த்து அவனை ஏற்பான். கையிற் பற்றுச் சீட்டில்லாத தொழிலாளியை வேறெத்தோட்டமும் சேர்த்துக்கொள்ளாது. துரைக்குப் பிடிக்காதவன் சீட்டின்றி வெளியேற்றப்பட்டான் என்றால், அவன் மனைவி மக்களோடு தெருவில் நின்றான். சிப்பாயின் நடத்தைப் பதிவேடும் தொழிலாளியின் பற்றுச் சீட்டும் ஒரே தத்துவத்தின் இரு தாள்கள். ஒரு வேறுபாடு உண்டு: இருபத்தொரு ஆண்டு கறையின்றிக் கழித்த சிப்பாய்க்கு வெள்ளிப் பதக்கமாவது கிடைத்தது, ஐம்பதாண்டு கறையின்றிக் கழித்த தொழிலாளிக்கு லயத்துக் காம்பராவிலிருந்து சுடுகாட்டுக்குச் செல்லும் வழியே கிடைத்தது.

அக்காலத்துத் துரைமாரின் சொந்த நடத்தை எவ்வாறு அளக்கப்பட்டது? 1900இல் இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை அமைக்கப்பட்டது. ஐரோப்பியர் மட்டுமே சேரக்கூடிய தொண்டர்படை அது. 1949இற் கலைக்கப்படும்வரை அப்படியே இருந்தது. முதலாம் உலகப் போரின் தொடக்கத்தில், 1914இல், அதன் அணியொன்று எகிப்துக்குச் சென்று பின்னர் கலிப்பொலியிலும் பணியாற்றியது. துரையும் சின்னத்துரையும் அதிற் சிப்பாயாக நின்றனர் என்பது உண்மை. ஆனால் அவருட் பெருந்தொகையினர் குறுகிய காலத்தில் அதிகாரிப் பதவி பெற்றனர் என்பதும் உண்மை. சிப்பாய் நிலை அவர்களுக்கு வாழ்நாள் விதியன்று, வழியில் தங்கிய மடம்.

1915இல் இந்நாட்டிற் சிங்கள–முஸ்லிம் கலவரம் மூண்டு இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டபோது, ஆயுதந் தாங்கிய ஐரோப்பியத் தொண்டர்கள் கிராமங்களில் நடந்துகொண்ட முறை வரலாற்றிற் பதிவாகியுள்ளது. விசாரணையின்றிச் சுட்டுக் கொல்லப்பட்டோர் இருந்தனர். அவர்களைச் சுட்டவர்களின் ஏட்டிற் கறை விழுந்ததா? இல்லை. அதே ஆண்டில் அவர்தம் செயல்களுக்குச் சட்டப் பாதுகாப்பளிக்கும் கட்டளை பிறப்பிக்கப்பட்டது. கீழோன் நடத்தையைப் பதிவேடு அளக்கும். மேலோன் நடத்தையைச் சட்டம் மறைக்கும். இவ்வழக்கம் வெள்ளையரோடு போய்விடவில்லை. 1977 ஓகஸ்ட் மாத வன்செயல்களின்போது அரச அலுவலர் செய்தவற்றுக்கு விலக்களிக்க 1982ஆம் ஆண்டில் 20ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது; 1988இல் அதன் காலஎல்லை மேலும் நீட்டப்பட்டது. விலக்களிக்கும் சட்டத்தையும் நன்னடத்தைப் பதக்கத்தையும் ஒரே அரசு ஒரே கையால் வழங்குமாயின், அக்கை வழங்கும் நற்சான்றுக்கு என்ன மதிப்பு?

நல்ல பேரும் அரைப்பேரும்

தோட்டத்துத் தமிழிற் ‘பேர்’ என்பதற்கு இரு பொருள் உண்டு. ஒன்று நற்பெயர்; மற்றொன்று ஒருநாட் கூலிக்குரிய பதிவு. எடுக்கவேண்டிய கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர் போடுவது கணக்கப்பிள்ளையின் அதிகாரம். துரையிடம் நல்ல பேர் எடுக்கவேண்டும் என்று நம் மூத்தோர் பிள்ளைகளுக்குப் புத்தி கூறியது அடிமைப் புத்தியாலன்று. நல்ல பேர் இல்லாதவனுக்கு முழுப்பேர் இல்லை என்பதை அவர்கள் பட்டு அறிந்திருந்தனர்.

இன்றைய கூலிமுறையிலும் இக்கயிறு அறுந்துவிடவில்லை. 2013இற் கைச்சாத்தான கூட்டு ஒப்பந்தத்தில் ஒருநாட் கூலி 620 ரூபா எனப் பெரிதாகக் கூறப்பட்டது. அதில் அடிப்படைச் சம்பளம் 450 ரூபா மட்டுமே. 140 ரூபா வரவுக்கான ஊக்குவிப்பு. எஞ்சிய 30 ரூபா விலைப்பங்குக் கொடுப்பனவு. வேலை வழங்கப்பட்ட நாட்களில் நூற்றுக்கு 75க்குக் குறையாமல் வந்தவர்க்கே அந்த 140 ரூபா உரியதாயிற்று. காய்ச்சலில் விழுந்த தாயும், பிள்ளையின் கிளினிக்குக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற தாயும், செய்து முடித்த வேலைக்குரிய காசையும் சேர்த்து இழந்தாள். 2016 ஒப்பந்தத்தில் 730 ரூபா என்றார்கள்: அடிப்படை 500, வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்கு 30. தொழிலாளரின் எதிர்ப்புக்குப் பின், 2019இல் வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீக்கப்பட்டு அடிப்படைச் சம்பளம் 700 ரூபா ஆயிற்று. 2024இற் குறைந்தபட்ச நாட்கூலி 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபா ஆக்குவதாக அறிவித்தபோது, அரசு வழங்கும் 200 ரூபா வரவு ஊக்குவிப்பும் அதனோடு சேர்ந்தே வந்தது. பழைய நண்பன் புதிய சட்டையில் திரும்பியிருக்கின்றான்.

கூலி உயர்வதை நாம் எதிர்க்கவில்லை. அதன் வடிவத்தையே கேள்விக்குள்ளாக்குகின்றோம். 1836இற் பிரித்தானியச் சிப்பாய்க்கு நாளொன்றுக்கு ஒரு பென்னி என்று கூறிய தத்துவம் இதுவன்றி வேறில்லை. வயிற்றுக்குப் போதாத கூலியை நிர்ணயித்து, வயிறு கேட்கும் எஞ்சிய பகுதியை நல்ல நடத்தைக்குப் பரிசு என்று காட்டித் தருவது அத்தத்துவம். உரிமையாகக் கிடைக்கவேண்டியது வெகுமதியாகக் கிடைக்கும்போது, அதனை எந்நேரமும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற அச்சமும் உடன் கிடைக்கின்றது.

ஏட்டை எழுதுவது யார்?

நடத்தை நன்றா தீதா என்பதைத் தீர்மானிப்பவர் யார் என்ற வினாவுக்கு ஊவாவின் வரலாறு தெளிவான விடை தருகின்றது. 1817இல் ஊவா–வெல்லஸ்ஸக் கிளர்ச்சி மூண்டபோது ஊவாவின் திசாவையாயிருந்த கெப்பெட்டிபொலவைப் பிரித்தானியர் அதனை அடக்க அனுப்பினர். அவர் தமக்களிக்கப்பட்ட ஆயுதங்களை அவர்களிடமே திருப்பியனுப்பிவிட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பரிற் கண்டியிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். பிரித்தானிய ஏட்டில் அவர் துரோகி. சுமார் இரண்டு நூற்றாண்டுகளின் பின், 2016இல், கிளர்ச்சித் தலைவர்களைத் துரோகிகள் எனக் கூறிய பழைய பிரகடனம் இரத்துச் செய்யப்பட்டு அவர்கள் தேசிய வீரர்களாக்கப்பட்டனர். அக்காலத்தில் ஆங்கிலேயரிடம் நன்னடத்தைக்குப் பரிசு பெற்ற திசாவைகளின் பெயர் இன்று எவர் நாவில் இருக்கின்றது?

சிங்கள விவசாயியின் மேலான இவ்வநீதியைத் திருத்த நாடு 200 ஆண்டுகள் எடுத்தது. தோட்டத் தமிழ்த் தொழிலாளியின் மேலான தீர்ப்போ இன்னும் மேன்முறையீட்டுக்கே எடுக்கப்படவில்லை. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயா தோட்டத்தில் வேலைநிறுத்தக்காரரான கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அதே ஆண்டின் நடுப்பகுதியில் எழுச்சி ஊவாவுக்குப் பரவியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் சமசமாஜிகளின் வழிகாட்டலில் வேலைநிறுத்தஞ் செய்து தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர். அவர்களை அடக்க வந்த ஆயுதப் பொலிசாரின் ஆயுதங்களை அவர்களே களைந்தனர் என இடதுசாரி இயக்க வரலாறு கூறுகின்றது. துரைமாரின் ஏட்டில் இவர்கள் அனைவரும் தீநடத்தைக்காரர். ஆனால் இன்று தோட்டத்திற் சங்கம் அமைக்கும் உரிமையும் கூலி பேசும் உரிமையும் நமக்குண்டு என்றால், அவை நல்ல பேர் எடுத்தவர்களால் வந்தவையல்ல.

நகரத்து நினைவுச் சின்னங்களும் இக்கதையையே சொல்கின்றன. 1845இல் ஹப்புத்தளையில் இடிவிழுந்து இறந்த மேஜர் ரோஜர்ஸ் பதுளையின் ஆட்சியதிகாரி. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றவரெனப் பெயர்பெற்றவர். பதுளையின் புனித மாற்கு தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. அம்மலைகளிற் கல்லுடைத்துப் பாதை திறந்தவர்களுக்கும், தலைமன்னாரிலிருந்து நடந்துவரும் வழியில் வாந்திபேதியில் மாண்டவர்களுக்கும் ஊவாவில் எழுந்த நினைவாலயம் எங்கே?

எதிர்வாதங்கள்

எமது வாதத்துக்கு மூன்று மறுப்புக்கள் எழலாம். ஒழுங்கில்லாத படை கொள்ளைக் கூட்டமாகிவிடும், ஆகவே ஒழுங்கைப் பாராட்டுவதிற் பிழையென்ன என்பது முதலாவது. ஒழுங்கு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் எதன்பாற்பட்ட ஒழுங்கு என்பதே வினா. நிராயுதபாணியான குடிமகனை ஊறுபடாமற் காப்பதே ஆயுதந் தாங்கியவனின் முதல் ஒழுக்கம். அவ்வொழுக்கத்தைப் பதிவேடு எப்போது அளந்தது?

2000 ஒக்டோபர் 25ஆம் திகதி பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் தடுத்துவைக்கப்பட்டிருந்த தமிழ் இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோர், சூழ்ந்துகொண்ட கும்பலினால் வெட்டியும் எரித்தும் கொல்லப்பட்டனர். ஆயுதந் தாங்கிய பொலிசார் அங்கு நின்றனர், காப்பாற்றவில்லை. 2003இல் மேல் நீதிமன்றம் சிலருக்கு மரணதண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. சட்டத்தின் முடிவு அதுவாயின் ஆகுக. அன்று கைகட்டி நின்றோரின் சேவை ஏடுகளில் அந்த ஒருநாள் என்னவென்று எழுதப்பட்டது என்று கேட்கும் உரிமை ஊவாவில் வாழும் ஒவ்வொருவருக்கும் உண்டு. கட்டளையின்றி அசையாமல் நிற்பதும் நன்னடத்தையே என்று ஓர் அளவுகோல் கூறுமாயின், அந்த அளவுகோலை உடைத்தெறிவதே அறம்.

சிப்பாயும் ஏழையின் மகன், அவனுக்குக் கிடைக்கும் ஒரே கௌரவத்தையும் பறிக்கலாமா என்பது இரண்டாவது மறுப்பு. இதற்கு நாம் மதிப்பளிக்கின்றோம். மொணராகலையிலும் மகியங்கனையிலும் சேனைப்பயிர் பொய்த்த குடும்பத்துப் பிள்ளை சம்பளத்துக்காகவே படையிற் சேர்கின்றான். அவன் நம் பகைவனல்லன். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை விழுங்கியபோது, சேற்றைத் தோண்டியவர்களுட் சிப்பாய்களும் இருந்தனர். அன்று அவர்கள் செய்தது உண்மையான நன்னடத்தை. அதனை அம்மண்ணின் மக்கள் அறிவர். நாம் கூறுவது இதுவே: அத்தகைய செயலுக்குக் கௌரவம் கொடுங்கள், பன்னிரண்டு ஆண்டு வாய்மூடி இருந்தமைக்கு மட்டும் கொடுக்காதீர்கள். உலோகத் துண்டோடு நிறுத்தாமல் அவன் பிள்ளைகளுக்குக் கல்வியும் அவன் கிராமத்துக்கு நீரும் கொடுங்கள். வெகுமதி என்ற பெயரில் உரிமை மறுக்கப்படுவதில் அவனும் தோட்டத் தொழிலாளியும் உடன்பிறந்தோர்.

மூன்றாவது மறுப்பு நம்மவரிடையேயிருந்தே எழுவது; ஆகவே கூடிய ஆபத்தானது. மலையக இளைஞர் படைகளிற் சேர்ந்து விசுவாசத்தை நிரூபித்தால் நாடு நம்மை ஏற்றுக்கொள்ளும் என்பர் சிலர். எவரும் தாம் விரும்பும் அரச பணியிற் சேரும் உரிமையை நாம் மறுக்கவில்லை. குடிமகனுக்கு எல்லாக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும். ஆனால் நிரூபித்தல் என்ற சொல்லை நாம் ஏற்கமுடியாது. 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தினால் நம்மவர் நாடற்றவராக்கப்பட்டது எந்தத் தீநடத்தைக்காக? 1955இல் முதலாவது இலங்கைத் தளபதியாக அன்ரன் முத்துக்குமாரு என்னும் தமிழர் பதவியேற்ற அதே காலத்தில், நாட்டின் அந்நியச் செலாவணியை முதுகிற் சுமந்த மக்கள் வாக்குரிமையும் இன்றி இருந்தனர். 1964 ஒக்டோபரில் இரண்டு பிரதமர்கள் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டபோது எவருடைய நடத்தைப் பதிவேடும் புரட்டப்படவில்லை. எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இவ்வளவு காலமும் நம் மக்கள் ஒரு நாளேனும் பெரட்டுக்குப் பிந்தவில்லை. நல்ல நடத்தை உரிமையைத் தருமாயின், உலகிலேயே அதிக உரிமை பெற்ற மக்களாக நாம் இருந்திருக்க வேண்டும்.

நாம் கேட்பது

ஆகவே பதக்கத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சி நம்மை ஒரு முடிவுக்குக் கொண்டுவருகின்றது. ஆள்பவன் அளிக்கும் நற்சான்றை மனிதத் தகுதியின் அளவுகோலாகக் கொள்ளும் மனப்பான்மையை நாம் கைவிடவேண்டும். வரவுக்கும் பணிவுக்கும் வெகுமதி வேண்டாம். வாழத் தகுந்த அடிப்படைச் சம்பளம் வேண்டும். லயத்தில் இருக்க அனுமதி வேண்டாம். வீடும் காணியும் சொந்தப் பெயரில் வேண்டும். படையினரைப் பாராட்டுவதாயின், மக்களைக் காத்த செயலுக்காகவும், அநீதியான கட்டளையை மறுத்த துணிவுக்காகவும் பாராட்டும் மரபு வேண்டும். அதிகாரியின் ஏடும் சிப்பாயின் ஏடும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே வெளிச்சத்தில் திறக்கப்படவேண்டும்.

பல்கலைக்கழகம் வந்துள்ள நம்மைப் போன்றோர்க்கு இதில் ஒரு தனிக் கடமையுண்டு. பட்டமும் பதவியும் நமக்கும் ஒருவகை நன்னடத்தைப் பதக்கமாக மாறிவிடக்கூடும். பதிவேட்டிற் கறைபடாமல் நான்காண்டைக் கழித்து, தோட்டத்தின் பெயரைச் சொல்லக் கூசி, நகரத்து அலுவலகத்தில் நல்ல பேர் எடுப்பது எளிது. அவ்வாறு செய்பவனை எவரும் தண்டிக்கப் போவதில்லை. அவனுக்குப் பரிசுங்கூடக் கிடைக்கலாம். ஆனால் கற்ற கல்வியை வெவெஸ்ஸ தொழிலாளர் அமைத்த சபையின் தொடர்ச்சியாகக் கொள்வதா, பெரட்டுக் களத்துச் செக்ரோலின் தொடர்ச்சியாகக் கொள்வதா என்ற வினாவை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே எழுப்பியாக வேண்டும். நம் பெயரை எழுதும் ஏடு துரையின் மேசையில் இருக்கின்றதா, மக்களின் நெஞ்சில் இருக்கின்றதா என்பதில் நாம் தெளிவடைவோமாக.